படம் பார்க்கிற படிப்பு

செங்கல்பட்டு கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜெயினுலாபுதீன் பாய் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் யார் அழுதாலும், யார் சோறு போடாமல் போனாலும், மகளை அந்தப் படிப்புக்கு மட்டும் அனுப்புவதில்லை.

மகள் பதருன்னிசா இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அதில் பாய்க்கு ஏகப் பெருமை. அதைச் சொல்லாமல் யாருக்கும் துணி கிழித்துக் கொடுக்க மாட்டார். அடுத்தபடியாக அவள் கேட்டதுதான் வில்லங்கம். பட்டணத்துக் காலேஜ் ஒன்றில் புதிதாக ஒரு பி.ஏ. வந்திருக்கிறதாம்.

"பல தேசத்துக் கதை, கவிதை, சித்திரம், சிலை, சினிமா எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குற படிப்பு, அத்தா."

"சினிமாவுமா? படம் பாக்குறது ஒரு பாடமா?"

"பாடத்துக்கும் படத்துக்கும் ஒரு கால்தானே அத்தா வித்தியாசம்."

"வாசப்படி தாண்டி அந்தக் கால வச்சுப் பாரு."

சொல்லிவிட்டு, மனைவி ஃபக்ருன்னிசா சண்டைக்கு வருவாள் என்று தோளை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவளிடம் ஒரு சண்டையிலும் அவர் ஜெயித்ததில்லை. அவளோ தால்சாவை இன்னொரு கரண்டி ஊற்றி, "நீங்க சொல்றதுதாங்க சரி" என்றாள். பாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்துப் பழக்கமில்லாதவர்.

மறுநாள் காலை, பக்கத்து மூங்கில் மண்டி சடையப்ப நாயக்கர் கடைக்கு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல வேல செஞ்ச பாய். அது ரொம்பப் பேஜாரு புடிச்ச படிப்பாமே. வெள்ளக்காரன் கத, சீனாக்காரன் சித்திரம் அல்லாத்தையும் மண்டையில ஏத்திகினு வரணுமாம். நீ பயந்துகினதுல நாயம் கீது."

"யாரு பயந்துகினது?"

"நீதான். பொண்ணு பெயிலாயிட்டா யார் மூஞ்சில முழிக்கறதுன்னு."

"எவன் சொன்னான்?"

"ஊரே பேசிக்குது. வுடு பாய். நம்ம ஊரு பொண்ணுக்கு அதெல்லாம் ஆவாது."

பாய் கையிலிருந்த கஜக்கோல் நழுவியது. "ஞாயித்துக்கெழம மகாபலிபுரம் வா, நாயக்கரே. அந்தச் சிற்பப் பாறைக்கு முன்னால எம் பொண்ண நிறுத்தறேன். நீ இன்னா வேணாலும் கேளு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். நாயக்கர் பாறையை மேலும் கீழும் பார்த்தார். யானையை விட்டார், தேவர்களை விட்டார். கடைசியில் ஒரு மூலையைக் காட்டினார்.

"இந்தப் பூன இன்னாத்துக்கும்மா கையத் தூக்கிகினு கீது?"

பதருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "மேல பாருங்க மாமா. தவசி ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்றாரு. இங்க பூனையும் தவம் பண்ணுது, அதை நம்பி எலிங்க சுத்தி நிக்குது. பெரிய கதையச் சொல்லும்போதே பக்கத்துல ஒரு சிரிப்புக் கதையும் சொல்லிட்டான் சிற்பி. மேல்நாட்டுப் பழைய மாதாகோயில்லயும் இப்படித்தான். பெரியவங்க சிலைக்குக் கீழயே குரங்கையும் நரியையும் செதுக்கி வச்சிருக்காங்க. சினிமாவுல கதாநாயகன் அழுதா, பின்னாலயே கோமாளியும் அழறான்ல? அதுவும் இந்தப் பூனைதான்."

பாறை பார்க்க வந்தவர்களெல்லாம் பாறையை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் குடையை மடக்கிவிட்டுக் கேட்டார். நாயக்கர் பூனையை இன்னொரு தரம் பார்த்துத் தலையாட்டினார். பாய்க்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஒரு சந்தேகமும் வந்தது.

"ஆமா, படமே பாக்காத உனுக்குக் கோமாளி அழறது எப்படித் தெரியும்?"

"வெயில் ஏறுதுங்க. போயி இளநி வாங்கிட்டு வாங்க" என்றாள் ஃபக்ருன்னிசா.

போனார். போகிற வழியிலேயே சந்தேகம் மறந்துபோயிற்று. இளநீர் வெட்டியவனிடம், "அதோ பேசுறா பாரு, அது எம் பொண்ணு" என்றார். அவன் கேட்காமலே இன்னொரு தரமும் சொன்னார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவித்தார். "யார் தடுத்தாலும் சரி, பதரு அந்தக் காலேஜுக்குத்தான் போறா."

"எனக்குப் பயமா இருக்குதுங்க. பட்டணம், ஹாஸ்டலு. யோசிச்சுச் செய்யுங்க" என்று இழுத்தாள் ஃபக்ருன்னிசா.

"பொம்பளைங்களுக்கு நெஞ்சுல துணிச்சல் வேணும். என்னயப் பாத்துக் கத்துக்க."

அவள் தலை குனிந்துகொண்டாள். முதன்முதலாக ஒரு சண்டையில் ஜெயித்த பாய், விடிந்ததும் விடியாததுமாகப் பெயின்டர் துரையிடம் போய் நின்றார்.

"தொர, பொண்ணு பட்டணத்துக்குப் படிக்கப் போவுது. புதுசா டிரங்குப் பெட்டி வாங்கியாறேன். பேரு எழுதணும்."

துரை பிரஷ்ஷை எண்ணெயில் அலசிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா பாய், போன மாசமே எழுதிக் குடுத்துட்டனே. நாயக்கருதான் பெட்டியத் தூக்கிகினு வந்தாரு. 'அத்தா பேர நல்லாப் பெருசா எழுது, பின்னால சந்தோசப்படுவாரு'ன்னு உங்க வூட்ல சொல்லி அனுப்பியிருந்தாங்க."