வானத்தை மிதித்த சாமியார்

பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் முன்பெல்லாம் யாரிடமாவது அறை வாங்க வேண்டும். அந்த ஆடி மாதம் காஞ்சிபுரத்தில் சில்லறை கொடுத்தாலே போதும் என்றாயிற்று. செவிலிமேட்டுச் சாலையில் கறுப்புத் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு, நட்சத்திரானந்த சுவாமிகள் ஆகாயத்தையே உள்ளே அடைத்து வைத்திருந்தார். தறிகள் தூங்கின. வாசலில் வரிசை மட்டும் வளர்ந்தது.

உள்ளே கும்மிருட்டு. கூரைத்துணி முழுக்க நட்சத்திரங்கள். தரைவரை பட்டுத்துணி தொங்கும் நாற்காலியில் சுவாமிகள். யார் எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும், அவர் கோல் காட்டியது உச்சியில் இருந்த அதே ஒன்றைத்தான். அது எரிந்தால் நல்ல காலம். அணைந்தால் சனீஸ்வரன் விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். பரிகாரம், கருநீலத்தில் ஒரு ஜரிகைப் புடவை. சனீஸ்வரனுக்கு ஜரிகைமேல் இத்தனை ஆசை என்பது அதுவரை ஊருக்கே தெரியாது. பருத்தி கட்டி வந்தவர்களின் நட்சத்திரம் ஒருநாளும் அணையவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பட்டு நெய்யும் குமாரவேலின் மகள் தையல்நாயகியின் நட்சத்திரம் அணைந்தது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குமாரசாமியின் தாய் தில்லையம்மாள் அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அணைஞ்சுபோன பொண்ண கூட்டிக்கினு போயி, நான் எப்டிமா வீட்ல வெளக்கேத்தறது?"

குமாரவேல் மகளுக்காகவே நெய்த முகூர்த்தப் புடவையைக் கொடுத்துவிடச் சம்மதித்தார். அது அரக்கு நிறம். "பரவால்ல, சனீஸ்வரன் அனுசரிச்சுக்குவார்" என்றார் சுவாமிகள்.

தையல்நாயகிக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டில் கேட்ட ஒரு சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. நட்சத்திரம் அணைவதற்குச் சற்று முன் 'டக்' என்று ஒன்று. தொட்டிலில் கிடந்த நாள் முதல் அவள் கேட்டு வளர்ந்த சத்தம் அது. தறிக்குழியில் அப்பாவின் கால் மிதிகட்டையை அழுத்தும் சத்தம்.

மறுநாள் புடவையைத் தட்டில் வைத்துக்கொண்டு இரு வீட்டாரும் போனார்கள். சுவாமிகள் கையை நீட்டினார். தையல்நாயகி தட்டை நீட்டவில்லை.

"சாமி, காலைத் தூக்கி நாற்காலி மேல சம்மணம் போட்டுக்கினு, சனீஸ்வரன இன்னொருவாட்டி வரச் சொல்லுங்க."

"என் காலுக்கும் சனீஸ்வரனுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் நானும் கேக்கறேன். சம்பந்தம் இல்லன்னா தூக்கி வைங்களேன்."

"தூக்கு சாமி! சொம்மா தூக்கு!" என்றது கூட்டம்.

வேறு வழியில்லை. சுவாமிகள் சம்மணமிட்டு மந்திரம் சொன்னார். நட்சத்திரம் ஜம்மென்று எரிந்தது. மந்திரத்தை உரக்கச் சொன்னார். வியர்த்ததுதான் மிச்சம்.

"இன்னாபா, சனீஸ்வரன் பஸ்ஸ வுட்டுட்டாரா?" என்றது ஒரு குரல்.

தையல்நாயகி நாற்காலித் துணிக்கடியில் தன் காலை விட்டு அழுத்தினாள். டக். நட்சத்திரம் செத்தது. காலை எடுத்தாள். பிழைத்தது.

"அத்தை, உங்க நட்சத்திரம் இன்னாது? அதையும் அணைக்கட்டுமா?"

குமாரசாமி அந்தத் துணியைப் பிடித்து இழுத்தான். நாற்காலியின் முதுகுக்குப் பின்னால், கூரையைப் பார்த்து ஓட்டை போட்ட பிஸ்கட் டின், உள்ளே ஒரு பல்பு, ஓர் ஓட்டையை மட்டும் மூடித் திறக்கும் தகரத்துண்டு, அதிலிருந்து கயிறு, கயிற்றின் முனையில் மிதிகட்டை. நெசவாளர் ஊருக்கு வந்து காலால் ஏமாற்றப் பார்த்திருக்கிறார் மகான்!

சட்டையைப் பிடித்து உலுக்கியதும் உண்மை உதிர்ந்தது. பெயர் கண்ணாயிரம். வடக்கே ஒரு கோளரங்கத்தில் டிக்கெட் கிழித்த ஆள். அங்கே இதே மாதிரி இருட்டில்தான் சனிக்கு வளையம் உண்டு, அது சூரியனைச் சுற்றுகிறது என்று ஜனங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

"அப்ப அங்கயே இந்தக் கடைய போட்டிருக்கலாமே?" என்றார் குமாரவேல்.

"அங்க சின்னப் பசங்ககூட ஏன், எப்டின்னு கேட்டு உயிர எடுக்கும்பா. இங்க நீங்க யாரும் ஒண்ணுமே கேக்கலயே!"

கூட்டம் தரையைப் பார்த்தது. தில்லையம்மாள்தான் முதலில் தொண்டையைக் கனைத்தாள். "பொண்ணு நட்சத்திரம் நல்லாத்தான் இருக்குது."

"அது நட்சத்திரம் இல்ல அத்தை, பல்பு" என்ற தையல்நாயகி, புடவையைத் தட்டோடு அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிரகம் கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சுற்றுகிறது. உன் வீட்டுப் பெட்டியில் என்ன புடவை இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. தெரிந்து வைத்திருப்பவன் பக்கத்துக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அண்ணாந்து பார்த்தது போதும். கொஞ்சம் குனிந்து, அவன் கால் எங்கே இருக்கிறதென்று பார்!