கமலவேணியின் ஜீப்புக்கு அடித்தகடு போட்ட விவரம்

உ
ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
18-6-1972

சிரஞ்சீவி டாக்டர் கமலவேணிக்கு அப்பா பஞ்சாட்சரம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். உன் ஆஸ்பத்திரி ஜீப்பும் நலம். ஜவ்வாது மலையில் நீயும், உன் நோயாளிகளும், முக்கியமாக அந்தப் பாதையும் நலமா என்று எழுதவும்.

முதலில் ஒரு வருத்தம். ஜீப்பை லாரியில் ஏற்றி அனுப்பியபோது "அடியில் சின்ன ரிப்பேர்" என்று மூன்றே வார்த்தைதான் எழுதியிருந்தாய். கூட வந்த உங்கள் கம்பவுண்டர் மாணிக்கவாசகம், நாலு இட்லி உள்ளே போனதும் மூன்று மணி நேரம் பேசினார். பிரசவ வலியில் துடித்த பெண்ணை ஏற்றிக்கொண்டு நீ ஓட்டி வந்தபோது பாறை இடித்து, இஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி பிளந்து, எண்ணெயெல்லாம் ஒழுகி வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டதாம். போர்வையில் தூளி கட்டி, ஆட்களோடு சேர்ந்து நீயும் தோள் கொடுத்து மூன்று மைல் சுமந்தாயாம். தாயும் குழந்தையும் பிழைத்தது ஈசன் செயல். கேட்டு உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை. மூக்குக் கண்ணாடியைத்தான் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே பட்டறை முனுசாமியிடம் வண்டியை விட்டேன். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஓட்டைய அடைச்சா மட்டும் பத்தாது சார். அடியில ஒரு தகடு போட்டுட்டா, கல்லு இடிக்கறத அது வாங்கிக்கும், தொட்டி தப்பிச்சுக்கும்" என்றான். எனக்கும் நியாயமாகப் பட்டது. காலித் தார் பீப்பாயை வெட்டி விரித்து மாட்டினான். ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு சரளைக்கல்லும் தெறித்துத் தவில் அடிக்கிறது. ராஜவீதியில் திரும்பியபோது சாமி புறப்பாடு என்று நினைத்து ஒரு அம்மாள் கற்பூரத் தட்டோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள். உள்ளே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு வராது. அதைக் கழற்றிவிட்டு, உடைத்துப் போட்ட ரைஸ் மில் பாய்லரிலிருந்து தகடு வாங்கினோம். கால் அங்குல கனம். தூக்க ஆறு பேர்.

இங்கே உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தகடு வந்த அன்று முனுசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, "அவசரமில்லைப்பா, இழுத்துக்கொண்டே போ" என்று சொன்னேன். வண்டி இல்லாவிட்டால் நீ மலையை விட்டு இறங்கி வந்து இங்கேயே ஊரோடு வேலை பார்ப்பாய் என்று ஒரு நப்பாசை. "ரிப்பேர லேட் பண்ணுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் சார்" என்று அவன் சிரித்தான். சிரித்ததோடு நிற்காமல் உன் அம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டான்.

உன் அம்மா தில்லையம்மாள் என்னை நிற்க வைத்துக் கேட்டாள்: "ஜீப்பு இல்லன்னா உங்க பொண்ணு எறங்கி வந்துடுவாளா? நடந்துக்கினே வைத்தியம் பாப்பா. அவ காலுக்குத் தகடு போடுவீங்களா நீங்க?"

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போய் நின்று, தகட்டை மாட்டும்வரை நகரவில்லை.

நேற்றுக் காலை வெள்ளோட்டம். பழையசீவரம் குன்றடியில் கல்லும் கரடுமாக ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. முனுசாமி ஓட்ட, நான் பக்கத்தில், கம்பவுண்டர் பின்னால். முனுசாமி பெரிய பாறையாகப் பார்த்து அதன்மேலேயே விட்டான். டமார் என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தால் வண்டி பாறைமேல் ஆமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, முன்சக்கரம் இரண்டும் காற்றில் சுற்றுகின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, "யாருப்பா அது, ஜீப்ப கல்லு மேல காய வச்சிருக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கழனியில் இருந்தவர்கள் வந்து கடப்பாரை போட்டு நெம்பி இறக்கினார்கள்.

இறக்கியதும், வெள்ளை வேட்டியோடு நான் அடியில் புகுந்தேன். "சார், நான் பாக்கறேன், எழுந்திரிங்க" என்று முனுசாமி காலைப் பிடித்து இழுத்தான். நான் கேட்கவில்லை. தகட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், அவ்வளவுதான். தொட்டியைத் தடவிப் பார்த்தேன். விரலை முகர்ந்தும் பார்த்தேன். சொட்டு எண்ணெய் இல்லை. அம்மா கமலவேணி, அங்கே மல்லாந்து படுத்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தேன். ஒரு மாதமாக மார்பில் இருந்த பாரம் அங்கேதான் இறங்கியது. வீட்டுக்கு வந்து மூன்று கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று உன் அம்மாவே சாட்சி சொல்வாள்.

ஒரே ஒரு குறை. பழைய எண்ணெயை இறக்கத் தகட்டில் துளை விட முனுசாமி மறந்துவிட்டான். எண்ணெய் மாற்றும்போது முழுத் தகட்டையும் கழற்ற வேண்டும். ஆறு பேரைத் தயாராக வைத்துக்கொள். நாளைக் காலை மாணிக்கவாசகம் வண்டியோடு புறப்படுகிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது.

நீ நீடூழி வாழ்ந்து, உன் கை பட்ட பிள்ளைகளெல்லாம் நூறு வயது இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அப்பா
பஞ்சாட்சரம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் கடிதம் தபாலில் வந்தது. பாறைகளை வெடிவைத்து எடுத்து, ரோலர் ஓட்டி, ஆஸ்பத்திரி வாசல்வரை ரோடு வழவழவென்று ஆகிவிட்டது, தகடு கிகடு ஒன்றும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, கழற்றிவிடலாம் என்று முனுசாமியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவன் வருவதற்குள், நல்ல ரோடு என்றால் நீ வேகமாக ஓட்டுவாயே என்று பயம் வந்துவிட்டது. தகட்டோடு எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டேன். "இந்தக் கனத்தோட எவ்ளோ மிதிச்சாலும் முப்பதத் தாண்டாது சார்" என்றான். கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.