வானத்துக்கு வினிகர் வைத்தியம்

விமானம் போன தடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் போதும், ஊரே மொட்டை மாடிக்கு ஓடும். அங்கே வான வைத்தியர் வினிகர் புட்டியோடு நிற்பார். அண்ணாந்து பார்த்து நாலு தடவை புஸ்ஸென்று அடிப்பார். கொஞ்ச நேரத்தில் கோடு கரைந்துவிடும். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குழாய்த் தண்ணீரே ஏறுவதில்லை. வைத்தியரின் வினிகர் மட்டும் விமானத்தையே எட்டிப் பிடித்தது.

அதே கட்டடத்தில் குடியிருந்த தையல்காரருக்கு வைத்தியர் சொன்னதெல்லாம் வேதவாக்கு. "உங்க பொண்ணுக்கு இளைப்பு வர்றதே அந்தக் கோட்டு விஷத்தால. அதோட ஆஸ்பத்திரி மருந்தும் சேர்ந்தா ஆபத்து" என்றார் வைத்தியர். உடனே தையல்காரர் மகளின் இன்ஹேலரைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மருந்துக்குப் பதில் வீடெல்லாம் வினிகர். குழந்தையின் நெஞ்சு விசிலடித்தபோது அவர் கையும் சாவியைத் தேடத்தான் செய்தது. ஆனால் சந்தேகப்பட்டால் பலிக்காது என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். தொழில் தெரிந்தவர்.

அன்று வானத்தில் இரண்டு கோடுகள். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள்.

"இழுப்பறைச் சாவியக் குடுங்க."

"வைத்தியர் சொல்லட்டும்."

அவள் வைத்தியர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இடது பக்கக் கோட்ட மட்டும் அழிங்க. வலது பக்கம் அப்படியே இருக்கட்டும்."

"எதுக்கும்மா?"

"நீங்க அழிக்கிறீங்களா, அதுவா அழியுதான்னு பாக்கத்தான்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வைத்தியர் இடது பக்கம் குறிபார்த்து அரைப் புட்டியைக் காலி செய்தார். வலது கோடு சமத்தாக மறைந்தது. இடது கோடோ பிரித்துப்போட்ட பஞ்சு மாதிரி விரிந்து சூரியனையே மூடியது.

"காத்து மாத்தி அடிச்சிடுச்சு" என்றார் வைத்தியர்.

"அது விமானப் புகையில இருக்கற ஈரம், குளிர்ல ஐஸா உறையுது" என்றாள் அவள். "மேல காத்து காய்ஞ்சிருந்தா மறையும், ஈரமா இருந்தா மேகமா விரியும். அந்த மேகம் பூமியோட சூட்ட வெளிய விடாம புடிச்சு வைக்கும். அதக் குறைக்க விமானம் பறக்கற உயரத்த மாத்திப் பாக்கறாங்க. யாரும் புட்டியத் தூக்கிட்டு அலையல."

"புட்டி பழசா இருக்குமோ?" என்று கூட்டத்தில் ஒருவர் இழுத்தார். அதற்குள் வைத்தியர் படியிறங்கியிருந்தார்.

தையல்காரர் அவருக்கும் முன்னால் ஓடியிருந்தார். பூட்டைத் திறந்து இன்ஹேலரை எடுத்து, பின்னாலேயே மகளோடு இறங்கி வந்த மனைவியிடம் நீட்டினார். மருந்து உள்ளே போய், மகள் மூச்சை முழுதாக இழுத்து விட்ட பிறகுதான் அவருக்கும் மூச்சு வந்தது. வெட்கத்தில் மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அண்ணாந்து பார்ப்பதில் தப்பில்லை ஐயா. மாடியேறும்போது மூளையை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வராதீர்கள்.