ஓடாத எண்ணெய்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் நன்றியோடு நினைக்க வேண்டிய கண்டுபிடிப்பு எங்கள் கம்பெனியில்தான் நிகழ்ந்தது. முகம் கழுவும் எண்ணெயை நாங்கள் கெட்டியாக்கினோம். குப்பிகளில் ஒட்டும் வாசகங்களை எழுதுபவனாக அந்தப் பொற்காலத்தில் பணியாற்றும் பேறு எனக்குக் கிடைத்தது. முதலாளி என்னை ‘லேபிள்’ என்றுதான் கூப்பிடுவார்.

எண்ணெயில் ஒரு குற்றமும் இல்லை. முகப்பூச்சு, கண் மை எல்லாவற்றையும் கரைக்கும். தண்ணீர் பட்டதும் பால்போல வெளுத்து, மரியாதையாக விடைபெற்றுப் போகும். என்ன, கொஞ்சம் ஓடும். உள்ளங்கையில் ஊற்றினால் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டைக்குள் குடியேறும். “உங்கள் எண்ணெயால் என் முழங்கைக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. முகத்துக்கு எப்போது வரும்?” என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். முதலாளி உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

“எண்ணெய் ஏன் ஓடுது?”

“எண்ணெய்னா ஓடும் சார்” என்றார் ஆய்வகத்து மேடம். இருபது வருஷமாக அந்த எண்ணெயைக் காய்ச்சுகிறவர்.

“என் கம்பெனியில எதுவும் என்னைக் கேக்காம ஓடக் கூடாது.”

அந்த இடத்திலேயே ‘உறைவு உயர்மட்டக் குழு’ அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் நான்கு பேர்: முதலாளி, மேடம், நான், கொள்முதல் மேலாளர். கடைசியாகச் சொன்னவருக்குக் ‘கத்தரிக்கோல்’ என்று பட்டப்பெயர். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் பாதியாக்கித்தான் திருப்பித் தருவார்.

மேடம் மூன்று மாதம் கேட்டார். முதலாளி பெருந்தன்மையோடு பத்து நாள் கொடுத்தார். மேடம் மெழுகை எண்ணெயில் உருக்கினார், கலக்கினார், ஆறவைத்தார். மூன்றாம் நாள் ரவை ரவையாகத் திரிந்தது. ஆறாம் நாள் வெண்ணெய் மாதிரி ஒன்று வந்தது. விரலில் எடுத்தால் நின்றது, கன்னத்தில் தடவினால் இளகியது, தண்ணீர் பட்டதும் போனது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

முதலாளி அதில் ஒரு ஸ்பூனை நட்டார். ஸ்பூன் மெல்லச் சாய்ந்தது.

“பாத்தீங்களா? முதுகெலும்பே இல்ல. மெழுகை ரெண்டு மடங்காக்குங்க.”

கத்தரிக்கோல் சேர்மானப் பட்டியலில் விரலை வைத்தார். “இந்த எமல்சிஃபையர் எதுக்கு மேடம்?”

“எண்ணெய்க்கும் தண்ணிக்கும் ஒத்து வராது. நடுவுல நின்னு ரெண்டையும் சேத்து வைக்கிறது அதுதான். அது இருந்தாத்தான் கழுவினா போகும்.”

“தரகர்னு சொல்லுங்க. தரகரை வெச்சு நாம எதையும் செய்யறதில்ல” என்று அந்த வரியை அடித்துவிட்டார்.

பத்தாம் நாள் காலை மேடம் என் மேசைக்கு வந்தார். நோட்டைத் திறந்து காட்டினார். ‘தண்ணீரில் போகாது. விற்கக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

“தம்பி, மீட்டிங்ல நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ஒருத்தியே சொன்னா புலம்பறேன்னு நெனைப்பாங்க.”

“கண்டிப்பா சொல்றேன் மேடம்.”

கூட்டத்தில் ஸ்பூன் கொடிக்கம்பம்போல நின்றது. எல்லோரும் எழுந்து கைதட்டினோம்.

“ஸ்பூன் நிக்குது சார். ஆனா முகத்தை விட்டுப் போக மாட்டேங்குது” என்றார் மேடம்.

“அதுக்குப் பேரு விசுவாசம்” என்றார் முதலாளி. “லேபிள், நீ என்ன சொல்ற?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வார்த்தைக்குப் பதிலாக நான்கு வார்த்தை சொன்னேன்: “உங்களை என்றும் பிரியாத தோழி!”

வாசகம் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அறிமுக விழாவுக்கு வாடகை மண்டபம், வாடகை விளக்கு, வாடகைப் புன்னகை எல்லாம் தயார். முதலில் பூசிக்கொள்ளும் கௌரவத்தை முதலாளியின் மாமியார் ஏற்றுக்கொண்டார். முழு ஒப்பனையோடு மேடையேறி, முகம் முழுக்கத் தடவித் தேய்த்தார். கண் மை நன்றாகக் கரைந்து நெற்றிவரை பரவியது. தண்ணீரை வாரி அடித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. மை மட்டும் அசையவில்லை. துண்டு கறுத்தது, முகம் அதைவிடக் கறுத்தது.

“என்ன மாப்ள இது? கழுவினாலும் போகல, தொடச்சாலும் போகல. அப்படியே உங்களை மாதிரி இருக்கு!”

கூட்டம் சிரித்தது. முதலாளிக்கு வியர்த்தது. மேடம் மட்டும் ஓடிப்போய்த் தன் பையிலிருந்து பழைய எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார். “கண்ணை மூடிக்கோங்கம்மா, எரியாது” என்று சொல்லிப் பஞ்சால் பொறுமையாகத் துடைத்தார். கால் மணி நேரத்தில் மாமியாருக்கு மாமியாரின் முகம் திரும்பக் கிடைத்தது.

மறுநாள் விசாரணைக் குழு அமைந்தது. உறைவுக் குழுவின் உறுப்பினர்களே, மேடம் நீங்கலாக. அறிக்கையை எழுதும் பொறுப்பு தமிழில் தேர்ச்சியுள்ள எனக்கு வந்தது. மூன்றே வரிகளில் முடித்தேன்: ‘இப்பொருள் தண்ணீரில் போகாது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தவர் ஒருவரே. அவரது நோட்டுப் புத்தகமே சான்று. ஏனையோர் அறியாதவர்களாதலால் குற்றமற்றவர்கள்.’

மேடம் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். வெள்ளைக் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தார்.

“நான் சொன்னப்போ நீங்களும் அந்த ரூம்லதானே தம்பி இருந்தீங்க?”

“இருந்தேன் மேடம். குறிப்பெடுத்துட்டு இருந்தேன்.”

அவர் படியிறங்கிப் போனார். அடுத்த வாரமே எனக்குப் பதவி உயர்வு வந்தது.

முகம் கழுவ ஒழுங்காக ஒரு பொருளை எங்களால் செய்ய முடியவில்லை என்று இன்றும் சிலர் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். கை கழுவுவதில் எங்கள் கம்பெனியை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவாகவில்லை. நான் எழுதிய அந்த மூன்று வரியே போதுமானதாக இருந்தது.