மாப்பிள்ளைக்கு வந்த வலி

"கிளம்பு சௌபர்ணிகா, வலி வந்துருச்சு!" என்று ஹரீஷ் சத்தம் போட்டான்.

அவள் அப்போதுதான் ஒரு முறுக்கைக் கடித்திருந்தாள். "யாருக்கு?"

"உனக்குத்தான். என் வயித்துல சுருக்குன்னு குத்துது. உனக்கு வரப்போறது எனக்கு முன்னாடியே தெரியுது."

தலைப்பிரசவத்துக்காகச் சௌபர்ணிகா காரைக்குடிக்கு, தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஹரீஷ் பிறந்தபோது அவன் அப்பா ஊரிலேயே இல்லை. அதை அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். தன் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருந்தே தீருவது என்று அவன் லீவு போட்டுவிட்டு மாமியார் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"என் உடம்பு எனக்குச் சொல்லும்ங்க. அது சொன்னதும் நானே சொல்றேன்," என்றாள் சௌபர்ணிகா. கேட்டால்தானே?

ஆட்டோ செக்காலையில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அங்கே நர்ஸ் விசாலம் சோதித்துப் பார்த்தாள். "அவுக நல்லாத்தான் இருக்காக. வீட்டுக்குப் போங்க."

வீட்டில் மாமியார் நாகம்மை ஆச்சி மாப்பிள்ளையின் வாடிய முகத்தைப் பார்த்தார். அதற்கு அந்த வீட்டில் ஒரே வைத்தியம்தான், இனிப்புப் பலகாரம். "அலைஞ்சு வந்திருக்கீக. ரெண்டு சீயம் சாப்பிடுங்க மாப்பிள்ளை." ரெண்டு என்று சொல்லி ஆறு வைத்தார். மாமியார் வைத்ததை மிச்சம் வைக்க எந்த மாப்பிள்ளைக்குத் துணிச்சல் உண்டு?

மறுநாள் இன்னும் பலமாகக் குத்தியது. மறுபடி ஆட்டோ, மறுபடி விசாலம், மறுபடி சீயம், கூடவே கந்தரப்பம். ஆட்டோக்காரர் மாயக்கண்ணன் அதற்கப்புறம் கூப்பிடாமலே வாசலில் வந்து நின்றார்.

மூன்றாம் முறை ஆஸ்பத்திரிப் படியேறும்போது ஹரீஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டர் வந்து அவன் வயிற்றின் வலப்பக்கம் லேசாக அழுத்தினார். அவன் போட்ட கூச்சலில் பிரசவ வார்டே எட்டிப் பார்த்தது.

"அப்பெண்டிக்ஸ் வீங்கியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

இத்தனை நாளும் அவன் வயிறு அவனைப் பற்றித்தான் பேசியிருக்கிறது! வெட்கத்தில் மனைவியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது சௌபர்ணிகா அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க, எனக்கு இன்னைக்குத்தான்னு தோணுதுங்க."

"அதெல்லாம் வெறும் பயம்," என்றான் ஹரீஷ், பட்டுத் தெளிந்தவனாக. "இந்த உடம்பு பேச்சையே நம்பக் கூடாது. நீ வீட்டுக்குப் போய்ப் படு."

மறுநாள் காலையில்தான் அவனுக்கு நன்றாக மயக்கம் தெளிந்தது. "சௌபர்ணிகா வீட்டுக்குப் போயிட்டாளா? பத்திரமாப் போனாளா?" என்று படுத்தபடியே கத்தினான்.

விசாலம் ஓடி வந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதீக! உங்க பிள்ளையும் அதைப் பெத்தவுகளும் பக்கத்து ரூம்ல இப்பத்தான் கண்ணசந்திருக்காக."