ஹோரஸ் அடுக்கிய குப்பை

நாளைக்குத் தேர்வாளர் வருகிறார். குப்பைமேட்டில் குப்பையைக் காணோம்.

ஏரியிலிருந்து ஏறிவந்த மூடுபனி மேட்டின்மேல் சோம்பலாகப் படுத்திருந்தது. ஒருவேளை எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறதோ என்று ஹோரஸ் உள்ளே போய்க் கையால் துழாவிக்கூடப் பார்த்தான். பனிமேல் ஓட்டும் பழைய பனிவண்டிகள் ஒரு வரிசை, கெட்டுப்போன பிரிட்ஜுகள் ஒரு வரிசை, பேட்டரிகள் தனியே என்று முதுகு ஒடிய அடுக்கியிருந்தான். பட்டணத்துப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது மூலையில் நாலைந்து பிரிட்ஜுகளும் ஓர் அண்டங்காக்கையும்தான் மிச்சம்.

நாளைய தேர்வில் தேறினால் குப்பைமேட்டு வேலை அவனுக்கே நிரந்தரம். தேறாவிட்டால் விமானம் ஏறித் தெற்கே சுரங்கத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஏரி ஏது? இங்கே போல டிராக்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கனாக் கண்டுகொண்டிருந்தால் எந்த முதலாளி விடுவான்?

ஜெமைமா அத்தை அதற்குள் ஒரு பிரிட்ஜைத் தன் வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது குப்பை."

"முன்னெல்லாம் தோண்டித் தோண்டி எடுக்கணும். நீ கடை மாதிரி அடுக்கி வெச்சிருக்க. ஊரே உன்னை மெச்சுது, போ."

ஹோரஸ் நல்ல பெரிய பலகையாகப் பார்த்து 'எதையும் எடுக்காதீர்கள்' என்று எழுதி நட்டான். வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மிச்ச பிரிட்ஜுகளோடு பலகையும் போய்விட்டது. பக்கத்து வீட்டு லாயிட், மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் அதைக் கதவாக மாட்டியிருந்தான்.

"என்னடா இது?"

"எழுதியிருக்கறது மீனுக்கு ரொம்பப் பொருத்தம்டா."

வேறு வழியில்லாமல் ஊர் வானொலிக்கு ஓடினான் ஹோரஸ். அங்கே அறிவிப்பாளர் டெலியா, எண்களைக் கூப்பிட்டு ஊரே ஆடும் பிங்கோ ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாகக் கெஞ்சினான். "எடுத்தவங்க எல்லாம் கொண்டாந்து வையுங்க. அந்த மனுஷன் பார்த்துட்டுப் போற வரைக்குமாவது."

காலையில் எல்லாம் திரும்பி வந்திருந்தது. ஆனால் விருந்தாளி முன்னால் உடைசலைக் கொண்டுபோய் வைக்க யாருக்குத்தான் மனசு வரும்? பனிவண்டிகளை எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். சாவியைத் திருப்பினால் உறுமின. ஜெமைமா அத்தையின் பிரிட்ஜ் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மீன்.

"கெட்டுப்போனதைக் கொண்டாங்கன்னா..."

"போற வரவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றாள் அத்தை.

மிதவை வைத்த சின்ன விமானம் ஏரியில் இறங்கியது. தேர்வாளர் சுற்றிச் சுற்றி நடந்தார். கனவுக்குள் வழி தப்பியவர் போல ஒவ்வொரு வண்டியையும் தொட்டுப் பார்த்தார்.

"குப்பை எங்கே, ஹோரஸ்?"

ஹோரஸ் ஏரியைப் பார்த்தான்.

"முதல்ல சாப்பிடுங்க," என்று அத்தை பிரிட்ஜைத் திறந்து, மீனை எடுத்து அங்கேயே பொரித்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார், தலையாட்டினார், விமானம் ஏறினார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. ஹோரஸ் வீட்டுக்கு வந்து பையில் சட்டைகளைத் திணித்தான். ஜன்னலில் ஏரி பொன்னாக அசைந்தது. வானொலியில் சாயங்கால பிங்கோ நடுவில் நின்று, டெலியாவின் குரல் கேட்டது.

"ஒரு சேதி. நம்ம ஹோரஸ் முழு மார்க் வாங்கிட்டான். இவ்வளவு சுத்தமான குப்பைமேட்டை அவங்க பார்த்ததே இல்லையாம்."

கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. இனி எங்கேயும் போக வேண்டாம். ஹோரஸ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான்.

"ஆனா, குப்பையே இல்லாத ஊருக்குக் குப்பைக்கு ஓர் ஆள் எதுக்குன்னு வேலையைத் தூக்கிட்டாங்க. அதனால விடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணா, ஹோரஸுக்காக எதையாவது கொண்டுபோய்ப் போடுங்க. ஜெமைமா அத்தை, பிரிட்ஜுல இருந்து மீனை வெளிய எடுத்துடுங்க."