கரடிக்காகச் சண்டை போட்டவன்

திருவனந்தபுரத்தில் நான் படித்த காலத்தில் அந்த ஊருக்கென்று ஒதுக்கிய கோபம் முழுவதையும் ஒரே ஆள் வாங்கி வைத்திருந்தான். அவன் பெயர் பாற்றா. காலையில் கரமனை ஆற்றுத் தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஆற்றின் மேல் கோபம். தோசை வட்டமாக இல்லாவிட்டால் கோபம். சரியான வட்டமாக இருந்துவிட்டால், "என்னலே, காம்பஸ் வச்சா சுட்டிருக்கான்?" என்று அதற்கும் கோபம்.

நாங்கள் இருவரும் நாகர்கோவில் பக்கம். திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யமாக இருந்த நாட்கள் அவை. கரமனையில் ஒரு வீட்டு மாடியறையில் ஒன்றாகத் தங்கி, ஒரே கல்லூரியில் படித்தோம். அத்தனை நாளில் அவன் என்னிடம் சிரித்துப் பேசிய நாள் ஒன்றுகூட இல்லை. இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

பாற்றா என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. வேட்டி, மஞ்சள் சட்டை, கழுத்தில் இரண்டு இறக்கை விரித்தாற்போல் ஒரு சிவப்பு டை. இந்தக் கோலத்தில் அவன் முதல்நாள் வகுப்புக்கு வந்ததும் மலையாளப் பையன்கள் "பூம்பாற்றா!" என்று கத்தினார்கள். வண்ணத்துப்பூச்சி. போகப்போக 'பூம்' உதிர்ந்து 'பாற்றா' மட்டும் நின்றது. மலையாளத்தில் அது கரப்பான்பூச்சி. "பூவைப் பிச்சு எறிஞ்சது நீதாம்லே" என்று என்மேல் பாய்வான். உண்மைதான்.

டை போதாதென்று கையில் வெள்ளை உறைகள். பாண்டு வாத்தியம் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் கெஞ்சி வாங்கியவை. அவற்றோடுதான் நோட்ஸ் எழுதுவான். உறையில் மை பட்டால் பேனாவைத் திட்டுவான். சாயங்காலம் எங்கள் மாடிக் கொடியில் அவை காயும்போது, யாரோ இரண்டு கைகளை வெட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம், கல்லூரி திறக்குமுன்பே அவன் பார்த்துவிட்ட ஒரு கரடி. ஊரில் இங்கிலீஷ் படம் ஓடும் தியேட்டர் ஒன்றில், பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் கார்ட்டூன் படம் போடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் புதிது. அதில் சிவப்பு டையும் வெள்ளைக் கையுறையும் அணிந்த ஒரு கரடி தேன் எடுக்கப் போகும். தேனீக்கள் அதை ஓட ஓட விரட்டும். தியேட்டரே உருண்டு சிரிக்கும். பாற்றா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"கரடி தேன் குடிக்காம காப்பியா குடிக்கும்? அதுக்கு இந்த அடியா?" என்பான்.

ஒருமுறை முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பாற்றா அவர் தோளைத் தட்டினான்.

"ஒரு சீவன் கொட்டு வாங்கிட்டு ஓடுகு. நீரு சிரிக்கேரா?"

"இது தமாஷல்லே, மோனே?"

"உம்ம மேல நூறு தேனீயை விட்டா தமாஷா இருக்குமாவே?"

பெரியவர் இடம் மாறி உட்கார்ந்தார். கரடி முடிந்ததும் பாற்றா எழுந்துவிடுவான். என் சட்டையையும் பிடித்து இழுப்பான். "இனி ஒருத்தன் ஒருத்தியைக் கட்டிப் பிடிப்பான். அதுல என்ன எளவு இருக்கு?" அவன் தயவால் எத்தனையோ பெரிய படங்களின் தலைப்பை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சோப்பு, குடை, கூந்தல் தைலம் என்று விளம்பரங்கள் வந்தன. அடுத்து நேராகப் பெரிய படம். கரடி இல்லை. பாற்றா பெஞ்சின்மேல் ஏறினான்.

"கரடி எங்கவே?"

மானேஜர் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஸமயமில்லா. அதொரு பொம்மைக்களியல்லே? இரிக்கெடோ!"

பொம்மை விளையாட்டாம்! அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பாற்றா போட்ட சத்தத்தில் பெஞ்சு டிக்கெட் மாணவர்கள் அத்தனை பேரும் எழுந்து, "கரடியெ காணிக்கணம்!" என்று கோஷம் போட்டார்கள். இரண்டு பெஞ்சு சாய்ந்தது. திரைக்குப் பக்கத்தில் இருந்த பூத்தொட்டி உடைந்தது. திங்கட்கிழமை புகார் கல்லூரிக்கு வந்துவிட்டது.

பிரின்ஸிபால் தியேட்டர் மானேஜருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். பாற்றா எழுதினான்: 'தங்கள் தியேட்டரில் கூச்சல் போட்டதற்கு வருந்துகிறேன். ஒரு கரடியைப் பொம்மை என்று சொல்லத் துணிந்த தங்கள் புத்தியை நினைத்து அதைவிட வருந்துகிறேன். பூத்தொட்டிக்காக வருந்துகிறேன். அதிலிருந்த செடி ஏற்கெனவே பட்டுப்போயிருந்தது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பிரின்ஸிபால் கண்ணாடியைக் கழற்றினார். "இது மாப்போ, குற்றப்பத்திரமோ?"

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பாதிக் கட்டணச் சலுகையில் படிப்பவன் என்பது அவருக்குத் தெரியும். "பெஞ்சில் ஏறி கலகம் தொடங்கியது யார்? எழுதிக் கையெழுத்துப் போடு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு அடுத்து பெஞ்சில் ஏறியவன் நான். அவனைவிடச் சத்தமாகக் கத்தியவனும் நான். அதை எழுதவில்லை. தோசைக்கெல்லாம் குதிக்கிற பயல், அன்றைக்குப் பக்கத்தில் நின்று நான் எழுதுவதைக் கடைசி எழுத்துவரை பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் முழுவதற்கும் அவனை நீக்கினார்கள். அன்று எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அறையில் அவன் பெட்டி கட்டினான். என்னை ஏசுவான் என்று காத்திருந்தேன். பூட்டை ஏசினான். கயிற்றை ஏசினான். படிக்கட்டை, மழையை, குடைக்கம்பியை ஏசினான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கிச் சென்றேன், பஸ்ஸை ஏசினான். என்னை மட்டும் ஏசவில்லை. அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டினான்.

"லேய், வெள்ளிக்கிழமை கரடியைப் போடாம இருக்க மாட்டான். பயந்து கெடக்கான். போய்ப் பாரு. ஒண்ணு விடாம எழுதி அனுப்பு. கையெழுத்துப் போடத்தான் கை நல்லா வருதே, அந்தக் கையால எழுது."

அவன் சொன்னபடியே மானேஜர் அந்த வாரம் கரடியைப் போட்டார். பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதினேன். கார்டில் பதில் வந்தது: 'கரடி விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். முதுகு அடிபட விழுந்ததா, மூக்கு அடிபட விழுந்ததா? நீ படம் பார்த்தாயா, தூங்கினாயா, சவமே?' அடுத்த வாரம் மூக்கைக் கவனித்துப் பார்த்து எழுதினேன். காதை விட்டுவிட்டேன் என்று ஏச்சு வந்தது.

மறுவருஷம் அவன் திரும்பவில்லை. மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆனாலும் நான் எழுதினேன், அவன் ஏசினான். கார்டு வராத வாரங்களில் சாயங்காலம் தம்பானூருக்கு நடந்துபோய், நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன்.